பெற்ற தாய் கேட்டாலும்

எங்கள் மேலாளருக்கு ஆபீசில் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. லீவு கேட்டால் பார்க்கலாம். நாற்காலி உடைந்துவிட்டது என்றால் பார்க்கலாம். சர்வர் அறையில் ஏசி ஒழுகுகிறது என்றால் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்கலாம். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்துகொள்கிறேன் என்று நான் போய் நின்றபோதும் அதைத்தான் சொன்னார். ஆனால் அன்று அதோடு விடவில்லை.

“இங்க காலடி வைக்காமலே அந்த மெஷினை முழுசா ஓட்ட முடியும்னு காட்டும்மா. காட்டிட்டா அப்புறம் என்ன? வீட்டுலயே இருந்துக்கோ.”

நானும் பல்லெல்லாம் தெரியத் தலையாட்டிவிட்டு வந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அவ்வளவு பெரிய ஆளில்லை, ஆனால் மண்ணுக்குக் குறைவில்லை.

எங்களுடையது மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி. எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி, எது எப்போது காலாவதி, பில், இருப்பு எல்லாம் ஒரே ஒரு சர்வரில் இருக்கிறது. முன்பு துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த ஒரு பொந்துக்குள் ஏசி மாட்டி அதைக் குடிவைத்திருக்கிறார்கள். அது சிக்கிக்கொண்டால் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் ஹாரனிலேயே எங்கள் வம்சத்தைத் திட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவள் நான். என்னைவிட வயதில் மூத்த ஸ்டோர்கீப்பர்கூட என்னை ‘சர்வர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அதற்கு எது வந்தாலும் அந்தப் பொந்துக்குள் போய் அதன் எதிரே உட்கார்ந்தால்தான் ஆகும் என்று அதுவரை ஏற்பாடு.

வீட்டிலிருந்து வேலை கேட்டதற்குக் காரணம் சிட்டு. என் மகள், ஆறு வயது. வலிப்பு வரும். எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டு வராது. வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அது அடங்கும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். என் கணவர் இன்சூரன்ஸ் வேலை போய் ஒரு வருடமாக வீட்டில்தான் இருந்தார். வீட்டில் இருப்பது வேறு, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேறு. ஒரு மத்தியானம் அவர் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தபோது சிட்டு குளியலறையில் விழுந்தாள். முன்பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நான் ஓடிவந்தபோது அவர் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, “ரெண்டு நிமிஷம்தான் போனேன்” என்றார். அந்தத் துண்டு எங்கள் வீட்டில் இன்னும் கொடியில் காய்கிறது. கை நீட்டினால் பிள்ளை எட்டும் தூரத்தில் நான் இருக்கவேண்டும். இந்த உலகத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். அந்த லேப்டாப்புக்கு நான் வைத்த பெயரும் சிட்டுதான். கணவர் எதிரே வந்து உட்கார்ந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்.

“இது ரெண்டும் ஒரு ஜோடி. இது பூட்டு. இதை யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம். அந்த மெஷின்ல கொண்டுபோய் மாட்டிடுவோம். இது சாவி. இந்த லேப்டாப்பை விட்டு வெளிய போகவே கூடாது. சாவிக்கும் ஒரு ரகசியச் சொல் இருக்கு, அதைத் தட்டினாத்தான் வேலை செய்யும். பெத்த தாய் கேட்டாலும் சொல்லக்கூடாது.”

“பொண்டாட்டி கேட்டா?”

“பொண்டாட்டி கேட்டாலும்தான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிட்டுவும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரும் வழியை அடியோடு அடைத்தேன். இனிமேல் மாட்டியிருக்கும் பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவர்தான் வரமுடியும். முதல் தடவை வெளியிலிருந்து கூப்பிடும்போது அந்த மெஷின் தன் கைரேகையைக் காட்டி, என்னை நம்பலாமா என்று கேட்கும். முக்கால்வாசிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று தட்டிவிடுவார்கள். அப்படித் தட்டினால் எவனோ ஒருவனுடைய மெஷினுக்குள் போய் விழவும் வாய்ப்புண்டு. மெஷின் பக்கத்தில் இருப்பவர் போனில் கைரேகையைப் படிக்க, மறுபக்கம் இருப்பவர் எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். பூட்டையோ மெஷினுக்குள் வரும் வாசலையோ மாற்றும்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் திரையை மூடாமல், இன்னொரு திரையில் புது வழி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதை மூடவேண்டும் என்றும் சொன்னேன். இதை மூன்று தடவை சொன்னேன். அவர் மூன்று தடவையும் தலையாட்டினார்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. பக்கத்தில் ஒருவர் ரகசியச் சொல்லைத் தட்டும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யாரும் கேட்டுச் செய்வதில்லை. நான் தட்டும்போது ஏசி மெக்கானிக்கூட ஸ்பானரும் கையுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அன்றிலிருந்து நான் தட்டும்போதெல்லாம் என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சிட்டுவும் அவரைப் பார்த்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வாள். வீடே ஒரு விளையாட்டாக இருந்தது.

பிறகு ஒரு நாள் சிட்டுவை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது. அந்த நேரம் பார்த்து பில்லிங் சிக்கிக்கொண்டது. பார்க்கலாம் என்னை போனில் கூப்பிட்டுக் கத்தினார். நான் ஒரு கையில் பிள்ளையின் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்தபடி வீட்டுக்கு போன் போட்டு, என் ரகசியச் சொல்லைக் கணவருக்குச் சொன்னேன். ஆமாம், விதியைச் சொன்ன வாயாலேயே மீறினேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவர் நான் சொன்னபடி உள்ளே போய், பில்லிங்கை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டார். லாரிகள் கிளம்பின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ரகசியச் சொல்லை மாற்றிவிட்டேன்.

பார்க்கலாம் மறுநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். “அட, உங்க வீட்டுக்காரரே பண்ணிட்டாராமே! நம்பர் குடும்மா, ஒரு தேங்க்ஸ் சொல்லிடறேன்.” கொடுத்தேன்.

அவர் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினேன். பேக்கப், பில்லிங், இரவுக் கணக்கு எதற்கும் அந்தப் பொந்துக்குள் போகத் தேவையில்லை என்று காட்டினேன். வாரம் ஒரு தடவை, எத்தனை பூட்டு மாட்டியிருக்கிறது, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அவரே பார்த்துக்கொள்ளும்படி ஒரு வழியும் செய்துகொடுத்தேன். கவனமாகப் பார்த்தார். பார்க்கலாம் என்றார்.

அவர் பார்க்கலாம் என்று சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்த ஒரே நாள், அதற்கு அடுத்த வாரம் வந்தது.

“நீ காட்டினது பிரமாதம்மா. இங்க ஆளே வேணாம்னு நிரூபிச்சிட்ட. மேல சொன்னேன். அப்ப ஆள் எதுக்குன்னு கேக்கறாங்க.” ரொம்ப வருத்தப்படுகிறவர்போல மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். “வெளியில இருந்தே ஒருத்தர் பார்த்துக்கறேங்கறார். உன் சம்பளத்துல பாதி போதுமாம். அவரோட பூட்டு மெயில்ல வந்திருக்கு. அதை மாட்டிட்டு உன்னோடதை எடுத்துடு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடும்மா.”

என் காதில் ஏசி ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிள்ளையின் மாத்திரை, பிள்ளையின் டாக்டர் என்றுதான் புத்தி ஓடியது. சர்வர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அவரும் பின்னாலேயே வந்து நின்றார். நான் ஏதாவது ஏடாகூடம் செய்துவிடுவேன் என்று பயம்போல.

மெயிலைத் திறந்தேன். பூட்டு என்பது பார்வைக்கு ஒரே ஒரு நீள வரிதான். தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் வரியின் கடைசியில், அந்த ஜோடி எந்தக் கணினியில் செய்யப்பட்டதோ அதன் பெயர் தானாகவே வந்து விழும். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். அழிக்கவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இடத்தில் சிட்டு என்று இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்கலாம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவர் சொல்லலயா? சொல்லிட்டேன்னாரே.”

இந்த இடத்திலிருந்து என் கணவர் ‘அவன்’ ஆகிறார். வாயில் இன்றைக்கும் நீங்க, வாங்கதான். உள்ளுக்குள் மரியாதை அந்த ஏசி தண்ணீரோடு ஒழுகிப் போய்விட்டது.

பூட்டை மாட்டினேன். ஒரு எழுத்துகூடத் தப்பாக விழவில்லை. அதுதான் எனக்கே இன்னும் ஆச்சரியம். அடுத்தது கைரேகை. பார்க்கலாமே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இந்த வழக்கத்தை அவருக்கும் நான்தான் பழக்கியிருந்தேன். அவன் எடுத்தான்.

“சார், சொல்லுங்க.”

“அம்மா பக்கத்துல இருக்காங்க. கைரேகையைப் படிப்பாங்க. ஒத்துப் பாருங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிங்க. படிங்க மேடம்” என்றான்.

மேடம். நேற்று ராத்திரி என் தட்டில் இருந்து எடுத்துத் தின்றவன், மேடம் என்றான். நான் படித்தேன். நாலைந்து எழுத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று சொல்லிச் சொல்லிப் படித்தேன். அவனும் ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினான். நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல்.

“போன்ல யாருப்பா? அம்மாவா?”

“இல்லடா கண்ணு. ஆபீஸ்.”

கடைசி எழுத்துவரை படித்தேன். “சரியா இருக்குங்க மேடம்” என்றான். என் திரையில் அவன் உள்ளே வந்தது தெரிந்தது. அதன்பின் என் பூட்டை நானே கழற்றினேன். மேலாளரின் லாக்கரில் நான் ஒட்டிக் கொடுத்த கவர் ஒன்று இருந்தது. அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கான பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது. அதையும் மாற்றி எழுதச் சொன்னார். எழுதி, ஒட்டி, கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஸ்டோர்கீப்பர் ஏதோ பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தவர், “என்ன அக்கா, இன்னிக்குச் சீக்கிரம்?” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவன் சட்டை மாற்றி, தலை வாரி, மேஜையில் உட்கார்ந்திருந்தான். சமையலறைக்குள்ளேயே ஆபீசுக்கு வந்துவிட்டவன் மாதிரி இருந்தான்.

“எப்படியும் உன்னை எடுத்துடுவாங்கன்னு அவரே சொன்னாரு. எவனுக்கோ போறதுக்கு, நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டுமேன்னுதான்...”

“அதை என்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?”

“சொன்னா விட்டிருப்பியா? நீ கத்துவ, சண்டை போடுவ, அவங்க வேற ஆளைப் பிடிச்சிருப்பாங்க.” மூச்சு வாங்கினான். “ஒரு வருஷமா தெருவுல எவனைப் பார்த்தாலும், யாரு, சர்வர் அக்கா வீட்டுக்காரரான்னு கேக்கறான். எனக்குன்னு ஒரு பேர் வேணாமா?”

“அதுக்கு என் பேர்தான் கிடைச்சுதா?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “நீதானே பிள்ளை பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்பட்ட? இரு. யாரு வேணாங்கறா?”

அறைந்திருக்கலாம். அடுப்பில் இருந்ததை எடுத்துக் கொட்டியிருக்கலாம். சிட்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, “அம்மா, நாளைக்கும் போகமாட்டியா?” என்றாள். போகமாட்டேன் என்றேன். அவள் குதித்தாள். அவள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் அழக்கூட முடியவில்லை.

அவன் வேலையில் சேர்ந்து சில நாளில் பார்க்கலாம் அவனைக் கூப்பிட்டார். யார் யாரோ வாசலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள் என்று பதிவில் தெரிகிறது, மெஷினுக்குள் வரும் வாசலின் எண்ணை மாற்றிவிடுங்கள் என்றார். நல்ல யோசனைதான். முன்பு நான் சொன்னதுதான். அவனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாற்றினான். வீட்டு வாசலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றியவன், காம்பவுண்டு கேட்டை அந்தப் பக்கம் வைக்க மறந்துபோனான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல் ஒன்று உண்டு. புது எண்ணில் வருபவரை விடு என்று அதனிடம் சொல்லவேண்டும். சொல்லவில்லை. உள்ளே இருந்த திரையையும் மூடிவிட்டான். மூன்று தடவை தலையாட்டினானே, அந்த மூடல்தான்.

அன்றைக்கென்று பில்லிங்கும் சிக்கியது. போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. மேஜையிலிருந்து எழுந்து அடுப்புப் பக்கம் வந்து நின்றான். சட்டை காலர் நனைந்திருந்தது.

“கொஞ்சம் வாயேன்.”

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது. கெடட்டும், நன்றாகக் கெடட்டும், லாரி டிரைவர்கள் இவன் வம்சத்தையும் திட்டட்டும் என்று நின்றேன். சிட்டு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் மாத்திரை அட்டையில் கடைசி வரிசைதான் மிச்சம். இவன் வேலையும் போனால் அதை எதைக் கொண்டு வாங்குவது? நான் வேறு வேலைக்குப் போனால் பிள்ளை யார் கையில்? பால்கனியில் நின்று போன் பேசுகிற இந்தக் கையில்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அவன் பார்க்கலாமிடம் பேசினான், நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று காதில் சொன்னேன். “லாக்கர்ல ஒரு கவர் இருக்கும், எடுங்க,” என்று சொன்னேன். “லாக்கர்ல ஒரு கவர் இருக்கும், எடுங்க,” என்றான். ஸ்டோர்கீப்பரை சர்வர் அறைக்குள் உட்காரவைத்து, நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவன் அதை அதட்டலாகத் திருப்பிச் சொன்னான். நான் சொன்னதில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டான்: “பார்த்து அடிங்கய்யா, கண்ணு தெரியலயா?”

“சர்வர் அக்கா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் சார்,” என்றார் ஸ்டோர்கீப்பர்.

“அக்கா கதையெல்லாம் இப்ப எதுக்கு? சொன்னதை அடிங்க.”

நான் அடுத்த வரியைச் சொன்னேன். காவல் விட்டது, வாசல் திறந்தது, பில்லிங் ஓடியது. பார்க்கலாம் போனில், “நல்லவேளை சார், உங்களைப் பிடிச்சோம்” என்றார். அவன் கூச்சமே இல்லாமல், “அது என் டியூட்டி சார்” என்றான்.

அன்றிலிருந்து வேலை என்னுடையது, பேச்சு அவனுடையது. போன் வந்தால் அவன் எடுப்பான், நான் தட்டுவேன். எனக்கென்று ஒரு பூட்டு மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம் வாராவாரம் பூட்டுகளை எண்ணுகிறார். எண்ணச் சொன்னது நான்தான். பதிவில் எல்லாம் அவன் பெயர்தான் விழுகிறது. இன்றைக்குக் காலையில் உள்ளே வந்தவர் அவர், பேக்கப் எடுத்தவர் அவர், பிழையைச் சரிசெய்தவர் அவர்.

முதல் வாரம் நான் வாய்விட்டுக் கேட்டேன். “அந்த ரகசியச் சொல்லை என்கிட்ட சொல்லிடுங்க. நீங்க தூங்கிட்டு இருக்கும்போது ஏதாவது வந்தா நானே பார்த்துக்கறேன்.”

அவன் சிரித்தான். அதே மேஜை, அதே சிரிப்பு. “நீதானே சொன்ன? பொண்டாட்டி கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு.”

ஆகவே தினமும் காலையில் நான் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன். அவன் குளித்து, சாப்பிட்டு, நிதானமாக வருவான். ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டுவான். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டு பால்கனிக்குப் போவான். நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. வீட்டில் இருக்கிறேன். கை நீட்டினால் பிள்ளை எட்டுகிறாள். போன மாதம் வலிப்பு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் தலை தரையில் படவில்லை.

இன்று காலை அவன் வரும்போது நான் ஏதோ யோசனையில் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அவன் கை தட்டாமல் அந்தரத்தில் நின்றது. சிட்டு என் மடியில் இருந்தாள். அவள்தான் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“திரும்பிக்கோம்மா. அப்பா தட்டப்போறாரு.”

திரும்பிக்கொண்டேன்.